எட்டாம் நம்பருக்கு ஒரு கோப்பை

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் தொடவே இல்லை. கையிலிருந்த கோப்பையைத்தான் பிடித்துக்கொண்டார்.

"என்ன போட்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கல்லூரிகளுக்குள் கால்பந்து."

"யார் ஜெயித்தது?"

"இன்னும் ஆடவே இல்லை."

"அப்படியென்றால் இது யாருக்கு?"

"தெரியாது. பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறேன்."

அவர் கோப்பையை விரலால் தட்டிப் பார்த்தார். பித்தளைச் சத்தம்தான் வந்தது. திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக்கடைக்காரர் அடித்துக் கொடுத்தது. அவருக்குக் குத்துவிளக்கு செய்துதான் பழக்கம் என்பதால் அடிப்பக்கம் அப்படியே குத்துவிளக்கு. எண்ணெய் ஊற்றித் திரி போட்டால் எரியும் போலத்தான் இருந்தது. அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டுப் போகச் சொன்னார்.

விஷயம் இதுதான். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருக்கும் சுப்பையா முதலாளி எங்கள் கல்லூரியில் படித்தவர். மலையகத்து வியாபாரிகள் பிள்ளைகளைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பிய காலத்து ஆள். எங்கள் அணியில் அவருக்கென்று ஓர் இடம் கிடையாது. யாருக்குக் காய்ச்சல் வந்ததோ அவன் இடத்தில் அவரை நிறுத்துவார்கள். கோலியாக நின்றார், பின்னால் ஆடினார், முன்னால் ஆடினார். ஒரு பரிசும் வரவில்லை. அந்தக் கடுப்பை வருடக்கணக்காக மனதில் வைத்திருந்து, கடைசியில் தானே ஒரு விருது வைத்துவிட்டார். தேயிலைத் தோட்டப் பகுதிக் கல்லூரி மாணவர்களில், எங்கே நிறுத்தினாலும் ஆடுகிறவனுக்கு அந்த விருது.

"ஒரு எடத்துல நின்னு ஆடறவனுக்குக் கப்பு குடுக்க ஆயிரம் பேரு இருக்காங்க. எங்க நின்னாலும் ஆடறவன எவன் திரும்பிப் பாக்கறான்?" என்று போனில் கத்தினார். கத்தாமல் பேசினால் இந்தியாவுக்குக் கேட்காது என்று நினைத்திருந்தார்.

விருதோடு எங்கள் கல்லூரியில் ஓர் இடமும் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் பட்டப்படிப்பு, விடுதிச் சாப்பாடு உட்பட. எங்கள் முதல்வர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஆளைத் தேர்ந்தெடுப்பது நானாக இருக்க வேண்டும். உள்ளூரில் யாரைத் தேர்வாளராகப் போட்டாலும் அவருக்கு ஒரு தோட்டத்தில் மச்சான் இருப்பார் என்று முதலாளியும் சொன்னார். எனக்கு அங்கே மச்சான் யாரும் இல்லை. ஆகவே நான் நடுநிலையானவன்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ரயிலில் ராணுவக்காரர்கள்கூடத் தூங்கிக்கொண்டு வந்தார்கள். வடை விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஆசையாக ஒன்று வாங்கினேன். வடையின் நடுவில் முழு இறால் ஒன்று கால்களோடு படுத்திருந்தது. எங்கள் ஊரில் வடையில் அதிகபட்சம் மிளகு இருக்கும். வீணாக்கக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கினேன்.

ஹட்டன் நிலையத்தில் குணநாதன் மாஸ்டர் குடையோடு நின்றார். போட்டியின் செயலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், மலையகத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்து இருபது வருடமாகத் திரும்பிப் போகாதவர்.

"வாங்கோ சேர், வாங்கோ. பயணம் எப்பிடி? குளிருதோ? ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் ஒழுங்கு செய்திருக்கு."

சாரை அங்கே எல்லோரும் சேர் என்கிறார்கள். கால்பந்தை உதைபந்து என்கிறார்கள். பள்ளிக்கூடத்தைக் கல்லூரி என்கிறார்கள். நான் வயதில் மூத்த மீசைக்கார மாணவர்களைத் தேர்ந்தெடுக்க வந்ததாக நினைத்திருந்தேன். உயர்தர வகுப்பு, அதாவது எங்கள் ஊர் ப்ளஸ் டூ, பையன்கள்தான் ஆட்டக்காரர்கள், ஜெயிக்கிறவன் அதை முடித்ததும் திருச்சிக்கு வருவான் என்று மாஸ்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

முதலாளியின் கடைக்கு மேல் அறை. ராத்திரிச் சாப்பாடு பாணும் பருப்பும். பாண் என்றால் பிரெட். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. இங்கே நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களும் மூன்று வேளை சாப்பிடுகிறார்கள். "சோறு இருக்குமா?" என்று கேட்டேன். "நாளைக்குச் சமைக்கச் சொல்றேங்க" என்றார் கடையில் வேலை பார்ப்பவர். அவர் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சின்ன ஏமாற்றம். விசா வாங்கி, கடல் தாண்டி வந்தால், மணப்பாறைச் சந்தையில் கேட்கிற அதே பேச்சு. வெளிநாடு வந்த கெத்தே இல்லை.

மறுநாள் முதல் ஆட்டம், டிக்கோயாவில். மைதானத்தை மாஸ்டர் காட்டினார். நான் பார்த்தது பனிமூட்டத்தை. "கொஞ்சம் பொறுங்கோ, விலகும்" என்றார். விலகியது, தரையிலிருந்து இடுப்பளவுக்கு. ஆட்டம் தொடங்கியபோது கால்கள் நன்றாகத் தெரிந்தன. சட்டை எண்கள் பக்கத்தில் வந்தால் தெரிந்தன, யாரோ வெள்ளைப் படுக்கை விரிப்பை வெட்டிப் பெரிது பெரிதாகத் தைத்திருந்தார்கள். முகம் என்று ஒன்று யாருக்கும் இருக்கவில்லை.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றை ஒட்டிய கல்லூரி அணிதான் என் கண்ணில் பட்டது. பச்சைச் சட்டை. கோலிக்குத் தனி உடுப்பு வாங்க வழியில்லாததால் அவனுக்கும் பச்சைச் சட்டைதான், தலையில் கம்பளிக் குல்லா மட்டும் கூடுதல். அன்றைக்குக் குல்லா போட்டிருந்தது எட்டாம் நம்பர். பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடித்தான். அபாரம் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நம்பரும் நன்றாக ஆடினான். நடு மைதானத்தில் நின்று பந்தை அளந்து கொடுத்தான். ஆனால் இடது காலில் மட்டும் பூட்ஸ். வலது கால் வெறுங்கால். இன்னொருவனுக்கு வலது காலில் மட்டும்.

"இது என்ன மாஸ்டர், நேர்த்திக்கடனா?"

"ஒரு சோடி சப்பாத்தை ரெண்டு பேர் பிரிச்சுப் போடுகினம் சேர். இஞ்ச அது வழமை."

என் ஊரில் பையன்கள் பூட்ஸ் நிறம் பிடிக்கவில்லை என்று பயிற்சிக்கு வராமல் இருப்பார்கள். அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை.

பிறகு மழை. அங்கே மழைக்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் வருடம் முழுக்க ஆடவே முடியாது என்றார் மாஸ்டர். என் ஒரே நல்ல கால்சட்டை தொப்பலாக நனைந்தது. மறுநாளும் அது காயவில்லை. அதற்கு மறுநாளும் காயவில்லை. ஹட்டனில் துணி காயும் என்று நம்பி ஒரே ஒரு மாற்றுக் கால்சட்டையோடு போனவன் நான்.

இரண்டாவது ஆட்டம் லிந்துலையில். பஸ்ஸில் போனோம். கோப்பையை அறையில் விட்டுப் போக மனசில்லாமல் மடியில் வைத்திருந்தேன். ஏற்றத்தில் பஸ் முனகியது, பின்னால் நழுவியது. நடத்துநர் என்னவோ சொல்ல, எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். பஸ் காலியாக மேலே போனது. நாங்கள் பின்னால் நடந்தோம். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் ஊராக இருந்தால் ஓட்டுநரின் மூன்று தலைமுறையை அங்கேயே இழுத்திருப்பார்கள்.

நடக்கும்போது ஒரு சிங்களப் பெரியவர் கோப்பையைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் பேசினார். மாஸ்டர் எனக்கு மொழிபெயர்த்தார். "எந்தக் கோயில் திருவிழா எண்டு கேக்கிறார்." கோயில் இல்லை, பந்து விளையாட்டுக்கு என்று சொல்லச் சொன்னேன். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. பஸ்ஸில் மறுபடி ஏறியதும் ஒரு ரூபாயைக் கோப்பைக்குள் போட்டுக் கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் சாமி குற்றம் என்று நினைப்பார்களாம். லிந்துலையில் இறங்கி முதலில் ஒரு பிள்ளையார் கோயிலைத் தேட வேண்டியிருந்தது.

அன்று எட்டாம் நம்பர் முன்வரிசையில் ஆடினான். குல்லா வேறு யாருக்கோ போயிருந்தது. எட்டு ஒரு கோல் போட்டான், தலையால் முட்டி. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முதல் நாள் கோலி, இன்று முன்னால்! சுப்பையா முதலாளி கேட்ட ஆள் இவன்தான்! கோலியாக நின்ற பதினொன்றாம் நம்பரும் மோசமில்லை. அவனும் இடது காலில் மட்டும் பூட்ஸ் போட்டவன். பூட்ஸ் பஞ்சம் இந்த அணியில் பலமாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டேன். வெறும் வலது காலால் அவன் உதைத்த பந்து பனிக்குள் போய்த் திரும்பி வரவே நேரமானது.

இறுதி ஆட்டம் ஹட்டனில், அங்கேயும் அதே பனி. எட்டாம் நம்பர் பின்னால் நின்றான். மலை மாதிரி நின்றான். ஒருவனும் தாண்டவில்லை. இடது பூட்ஸ்காரன் ஒருவன், இம்முறை ஐந்தாம் நம்பர், கடைசி நேரத்தில் கோல் போட்டு ஆட்டத்தை முடித்தான். நல்லது. ஆனால் என் மனம் முடிவு செய்துவிட்டது. கோலி, முன்வரிசை, பின்வரிசை, மூன்றிலும் ஒரே ஆள்! இருபது வருட உத்தியோகத்தில் இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

"எட்டாம் நம்பர் யாருப்பா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

பச்சைச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒருவன் முன்னால் வந்தான். ஒல்லி, நெற்றியில் சேறு. "நாந்தாங்க சேர். செல்வகுமாருங்க."

"நீதான்!" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். மாஸ்டர் பெயரை எழுதிக்கொண்டார். முதலாளி எங்கிருந்தோ ஒரு மாலையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டார். பையன் வாயைத் திறந்தான், அதற்குள் பறை மேளம் தொடங்கிவிட்டது. வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அந்த இரவு பாணும் பருப்பும் சாப்பிட்டபடி முதலாளியிடம் சொன்னேன். கோப்பை அன்றைக்கே பெயர் வெட்டப் போய்விட்டது.

பரிசளிப்பு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலையில் செல்வகுமாரின் தாய் பாக்கியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அணியின் பயிற்சியாளர் பழனிவேல் என்னை வேனில் கூட்டிப்போனார். அவர் தோட்டத்தில் கண்டாக்கு. கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் அல்ல, மலையில் வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். காய்வதற்கு எங்கேயாவது வழி இருக்குமா என்று என் ஈரக் கால்சட்டையைப் பையில் எடுத்துக்கொண்டேன். "ஃபேக்டரில காய வச்சுறலாம், அதுக்கென்ன" என்றார்.

அந்தச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை, உள்ளே ஓர் அறை. நாட்டுக்கோழிக் குழம்பு, சுடச்சுடச் சோறு, மாசிக் கருவாடு போட்டு இடித்த சம்பல், கீரை. நான்கு நாள் கழித்துச் சோறு கண்டவன் வெட்கமில்லாமல் மூன்று முறை வாங்கினேன். அண்டை வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். பாக்கியம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில். பேச்சு முழுக்கத் திருச்சியைப் பற்றித்தான்.

"அங்க ரொம்ப வெயிலுங்களா சேர்? ஆஸ்டல்ல கம்பளி குடுப்பாங்களா?"

"கம்பளி கொடுத்தால் கேஸ் போடுவார்கள் அம்மா. அவ்வளவு வெயில்."

"கேட்டுக்கிட்டியாடா?" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். இரவு முழுக்க லயம் பூராவும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. செல்வகுமார் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தவராசா எனக்குக் குழம்பு ஊற்றினான். அவனும் அணியில் ஆடுகிறவனாம். உயர்தரம் முடிக்கப்போகிறானாம். வெளியே வந்தபோது வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ் சேறு கழுவி வைத்திருந்தது.

அங்கிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்கு நடந்தோம். கண்டாக்கு என்னை நேரே அடுப்பறைக்குக் கூட்டிப்போனார். தேயிலையை உலர்த்தும் இயந்திரத்துக்கு விறகெரித்துச் சூடு அனுப்பும் இடம். உள்ளே நுழைந்ததும் நான்கு நாள் குளிர் உடம்பை விட்டுப் போனது. குறுக்கே கம்பி கட்டியிருந்தது. கம்பி நிறையப் பச்சைச் சட்டைகள்.

"இங்கயாங்க காயப் போடுறீங்க?"

"லயத்துல போட்டா ஒரு வாரம் ஆவுங்க. கொழுந்து வாட்டுற மேல்மாடில போட ஃபேக்டரி டீமேக்கரு வுட மாட்டாரு, கொழுந்துல வேர்வ நாத்தம் ஏறிருமாம். இங்கன போட்டா வெடியறதுக்குள்ள காஞ்சுரும்."

என் கால்சட்டையை அவரே கம்பியில் போட்டார். அது எட்டாம் நம்பருக்குப் பக்கத்தில் தொங்கியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தச் சட்டையைத் தொட்டேன்.

"செல்வகுமாருடைய சட்டை!"

"அப்பிடிச் சொல்ல முடியாதுங்களே" என்றார் கண்டாக்கு.

"ஏன்?"

"காலைல இங்கதாங்க பெரட்டு."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுப்பது. கண்டாக்குக்கு அணியையும் அப்படித்தான் நடத்தத் தெரியும். ஆட்டத்தன்று காலையில் பையன்களை அடுப்பறை வாசலில் நிறுத்துவார். நீ கோலுக்கு, நீ பின்னால், நீ முன்னால் என்று சொல்லுவார். கம்பியில் எது காய்ந்திருக்கிறதோ அதை எடுத்து, முன்னால் நிற்கிறவனுக்குக் கொடுப்பார்.

"அப்படியென்றால் எட்டாம் நம்பர்?"

"மொத நா சின்னத்தம்பி போட்டான். அவென் எப்பவும் கோலிதான். அடுத்த நா அவெனக் காச்சல் அமுக்கிருச்சு, எட்டு மயில்வாகனத்துக்குப் போச்சு. அவென் முன்னுக்கு ஆடறவன். நேத்து செல்வகுமாரு. அவென் பின்னுக்கு நிக்கிற பேக்கு."

"மூன்று பேரா?"

"நம்பரு சட்டைக்குத்தானுங்களே சேர், ஆளுக்கு இல்லையே" என்றார், பொறுமையாக.

எனக்குத் தலை சுற்றியது. அடுப்புச் சூடு ஒரு காரணம். கடல் தாண்டி வந்து, மூன்று நாள் மழையில் உட்கார்ந்து, ஒரு சட்டைக்குப் பட்டப்படிப்பு கொடுத்திருக்கிறேன். "ஏன்யா சொல்லலை?" என்று கத்தினேன்.

"நீங்க கேக்கலீங்களே. செல்வகுமாரும் நல்ல ஆட்டக்காரந்தான். ஏதோ அவென் பேக்கு ஆடறது ஒங்களுக்குப் புடிச்சுப்போச்சாக்கும்னு நெனச்சேன்."

விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். மூன்றாம் நம்பர், பதினொன்று, ஐந்து. நடுவில், கோலில், முன்னால். மூன்றும் இடது காலில் மட்டும் பூட்ஸ். கட்டையை விட்டு எழுந்தேன்.

"இந்த ஒற்றைக்கால் பூட்ஸ், அப்படி எத்தனை ஜோடி உங்கள் அணியில்?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. மத்தவனுங்களுக்கு ரெண்டு காலுக்கும் இருக்கும், இல்லாட்டி ரெண்டும் வெறுங்கால். அந்த ஒரு சோடிதான் பிரிச்சுப் போடறது. வலது செல்வகுமாருக்கு, எடது தவராசாவுக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு பாதம்."

"அந்தத் தவராசா எந்த இடத்தில் ஆடுவான்?"

"அவெனுக்கு எடம்னு ஒண்ணு இல்லீங்க" என்றார் கண்டாக்கு. "எவென் வரலையோ அந்த எடத்துல போட்டுருவேன்."

சட்டை மாறினாலும் கால் மாறவில்லை. மூன்று நாளும் எனக்கு நன்றாகத் தெரிந்தது கால் ஒன்றுதான். நான் அதைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

திரும்பி லயத்துக்கு நடந்தேன். அவ்வளவு கேவலமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை. சாயங்காலம் மேடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த அம்மாள் ஊருக்கு முன்னால் அதைக் கேட்கக் கூடாது என்றும் தோன்றியது. வாசலில் பூட்ஸ் ஜோடி அப்படியே இருந்தது. உள்ளே பையன்கள் இருவரும் ஒரே தட்டில் மிச்சக் குழம்பை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. சட்டை, பெரட்டு, பனி, பூட்ஸ் எல்லாவற்றையும் சொல்லி, தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன்.

பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இத கோழிய அறுக்கறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாமுங்களே சேர்" என்றார்.

வாங்கிச் சாப்பிட்ட மூன்று முறையும் நினைவுக்கு வந்தது.

"ஒனக்குத் தெரியுமாடா?" என்று மகனிடம் திரும்பினார்.

"நேத்தே சொல்ல வந்தேம்மா. மேளத்துல கேக்கல" என்றான் செல்வகுமார். "வீட்டுக்கு வந்தா நீ எல்லா வீட்டுலயும் சொல்லிட்ட. ஒன் மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடிச் சொல்றது?" பிறகு என்னைப் பார்த்தான். "நான் பேக்கு மட்டுந்தாங்க சேர். கோலுக்கு நின்னா பந்து வர்றப்ப கண்ண மூடிக்குவேன்."

தவராசா தட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவனிடம் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "நீங்க எட்டுன்னுதானுங்களே கூப்புட்டீங்க. நான் எட்டு போடவே இல்லீங்க" என்றான். பாக்கியம் எழுந்து உள்ளே போனார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் தேவைக்கு அதிகமாகக் கேட்டது. நான் வெளியே வந்து நின்றேன். கண்டாக்கு பால் இல்லாத பிளேன்டீ ஒன்று வாங்கிவந்து கொடுத்தார்.

ஹட்டனுக்குத் திரும்பிச் சொன்னதும் முதலாளி கடையில் குதித்தார். "பேரு வெட்டியாச்சுங்க! பித்தளைல வெட்டுனத அழி ரப்பர வச்சா அழிக்கறது?" மாஸ்டருக்கு வேறு கவலை. "அறிவிச்சால் அறிவிச்சதுதான் சேர். நாளைக்கு எல்லாக் கல்லூரியும் வந்து சட்டையைப் பற்றிக் கேக்கப் போகினம்." நான் பிடிவாதக்காரன். தப்பென்று தெரிந்த பிறகு தவராசாவை விட்டுவிட்டு விமானம் ஏற என்னால் முடியாது, வேண்டுமானால் கல்லூரி இடத்தையே ரத்து செய்யுங்கள் என்றேன். முதலாளி மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"எடம்னு ஒண்ணு இல்லாதவனா?" என்று கேட்டார்.

"ஆமாம். உங்களை மாதிரி."

அவர் கல்லாவிலிருந்து கல்லூரிக் கடிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் மேடையில் நானே ஒலிபெருக்கியைப் பிடித்தேன். மூன்று நாளும் ஓர் ஆட்டக்காரனைப் பார்க்காமல் ஒரு சட்டையைப் பார்த்தேன் என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மைதானமே சிரித்தது. வசதியாக இல்லை, ஆனால் நியாயமாகத்தான் சிரித்தார்கள். தவராசா வந்து கல்லூரி இடத்துக்கான கடிதத்தை வாங்கினான். கோப்பையை, பெயர் இருக்கிறவனே வைத்துக்கொள்ளட்டும் என்று முதலாளி செல்வகுமாரிடம் கொடுத்துவிட்டார். அவன் அதைக் கொதிக்கிற பானையைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு இறங்கினான். பாக்கியம் வரவில்லை.

மறுநாள் காலை ஹட்டன் நிலையத்தில், காய்ந்த கால்சட்டையில், ரயிலுக்கு நின்றேன். அதில் லேசாகத் தேயிலை வாசனை வந்தது. மாஸ்டர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நடைமேடையின் கடைசியிலிருந்து பாக்கியம் வேகமாக நடந்து வந்தார், பின்னால் செல்வகுமார். தாயின் கையில் துணியில் சுற்றிய கோப்பை. வாங்கினேன். உள்ளே தேயிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"தேயில ஒங்க வீட்டம்மாவுக்குங்க. கப்பு எங்களுக்கு வேணாம்."

"அம்மா, அது உங்கள் மகன் பெயர் போட்டது."

"பேரு போட்டிருக்கு. ஜெயிக்கலையே" என்றார். கண் சிவந்திருந்தது, குரல் ஆடவில்லை. "இவென் இப்பத்தான் உயர்தரத்துல மொத வருசம். அடுத்த வருசமும் ஆடுவான். மத்த எடமெல்லாம் பழகிக்கச் சொல்லியிருக்கேன். கோலுக்கு நின்னா கண்ணத் தொறந்து வச்சுக்கச் சொல்லியிருக்கேன். சட்டைய நானே வீட்டு அடுப்புல காய வைக்கிறேன், ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன். நீங்க வருவீங்கள்ல?"

"வருவேன்."

"கப்ப எடுத்துட்டுப் போயி அந்தப் பேர அழிச்சுக் கொண்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, அழிக்காதீங்க. அதே பேரத்தான் வெட்டப் போறீங்கன்னா எதுக்கு வீண் செலவு? அப்பிடியே வையுங்க."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல்வகுமாரின் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டும் வெறுங்கால். வலது பூட்ஸை அவன் தவராசாவிடம் கொடுத்துவிட்டான் என்று மாஸ்டர் பிற்பாடு எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தேன். ரயில் வளைவு திரும்பும்வரை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியை விட்டுவிட்டுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வகுமார் யாருங்க, உங்க பையனா?"

"இல்லை. பேக் ஆடுகிற பையன்."

"ஜெயிச்சானா?"

"இன்னும் இல்லை" என்றேன்.